தும்பிக்கை இல்லாத பிராணி

எழுத்தாளருக்கு ஓய்வே கிடையாது என்று மேடையில் முழங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. நான் ஓய்வு பெற்றுவிட்டேன். கை நடுங்குகிறது, கண் மங்கிவிட்டது, சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. தறிக்காரன் ஒரு நாள் தறியை விட்டு எழுந்திருப்பதில்லையா? எனக்கு மட்டும் தனியாகக் கொம்பு முளைத்திருக்கிறதா?

மறுபடி என்னைப் பேனா எடுக்க வைத்தவர் சித்தூரிலிருந்து வந்த ஓர் இளம் எழுத்தாளர். என்னுடைய பழைய கடல் நாவலை மறுபதிப்பாகக் கொண்டுவருகிறார்கள், அதற்கு முன்னுரை எழுதப் போகிறவர் அவர்தான். வந்து உட்கார்ந்து இரண்டு கேள்வி கேட்டார்.

"அம்மா, எழுத மூடு வராத நாள்ல என்ன பண்ணுவீங்க?"

அடுத்தது, "ஆதிகாலத்துக் கடல் பிராணியை வச்சு ஒரு பொம்பளை தொடர்கதை எழுதுறேன்னு சொன்னதும் அந்தக் காலத்துல சுலபமா ஒத்துக்கிட்டாங்களா?"

சுலபமா! டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். வாயால் சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன். எழுத்தில் சொன்னால் கொஞ்சம் அடங்கும்.

நான் பிறந்தது நகரியில், நெசவுக் குடும்பத்தில். நைனா என்னை வாத்தியார் வேலைக்குப் படிக்க வைத்தார். படித்தேன், வேலைக்குப் போகவில்லை. புத்தூர் ரயில் நிலையத்தில் பார்சல் குமாஸ்தாவாக இருந்தவருக்கு என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். சிறுகதைகள் அனுப்பினேன், திரும்பி வந்தன. மறுபடி அனுப்பினேன், சிலது திரும்பவில்லை. பிறகு சென்னையில் ஒரு வார இதழ் என்னிடம் தொடர்கதை கேட்டது. என் பயிற்சிக் காலம் இவ்வளவுதான். இதற்கு மேல் சொன்னால் அழுகைக் கதையாகிவிடும். எனக்கு அது பிடிக்காது.

மூடு விஷயத்துக்கு வருகிறேன். காலையில் அரக்கோணம் பாசஞ்சர் கூவும்போது நான் மேஜைக்கு முன்னால் இருப்பேன். சுவரைப் பார்த்துப் போட்ட மேஜை. சன்னல் பக்கம் போட்டிருந்தால் தெருவில் போகிறவளெல்லாம் நின்று "இன்னாக்கா எழுதிக்கினு கீற?" என்று கேட்பாள். முதல் வேலை, நேற்று எழுதிய கடைசிப் பக்கத்தை அப்படியே இன்னொரு தாளில் மறுபடி எழுதுவது. அறுந்த இழையை முடிச்சுப் போட்டுவிட்டுத்தானே தறியை ஓட்ட வேண்டும்? அந்தப் பக்கம் முடிவதற்குள் கை தானாகவே அடுத்த வரிக்குப் போய்விடும். மூடு வந்ததா என்று அது என்னைக் கேட்காது. மதியம் சாப்பிட்டபின் எழுதியதைச் சுவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே வாக்கியத்தை வெட்டுவேன். திங்கட்கிழமை உறையில் போட்டு என் வீட்டுக்காரர் கையில் கொடுப்பேன், அவர் ரயிலில் ஏற்றுவார். பத்திரிகை வியாழக்கிழமை புத்தூருக்கு வரும். பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்த வாரமும் திங்கட்கிழமை உறை போயிருக்கிறது. மாமியார் செத்த வாரமும் போயிருக்கிறது.

இதழின் ஆசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் உட்கார்ந்து படித்து நான் பார்த்ததில்லை. நின்றுகொண்டேதான் படிப்பார். கட்டைக் கையில் வாங்கியதும் கடைசித் தாளை எடுத்துக் கடைசி வரியைப் படிப்பார். அது பிடிக்கவில்லை என்றால் மற்றதைப் பார்க்காமலே மேஜையில் போட்டுவிடுவார். பிடித்தால் முதல் தாளுக்கு வந்து முதல் பத்தியைச் சிவப்புப் பென்சிலால் அடிப்பார். யார் எழுதினாலும், எவ்வளவு நன்றாக எழுதினாலும் அடிப்பார். "தொண்டையைச் செருமுறதை எல்லாம் அச்சடிக்க முடியாது" என்பார். இது தெரிந்து நான் ஒரு பொய்ப் பத்தியை முதலில் எழுதி அனுப்ப ஆரம்பித்தேன். அவர் அதை அடித்துவிட்டு, நான் நினைத்த இரண்டாவது பத்தியையும் சேர்த்து அடித்தார். அவருக்குத் தெரியாமல் எதையும் செய்ய முடியாது. நல்லா இருக்கு என்று அவர் யாரையும் சொன்னதில்லை. எழுதுகிறவர்களைப் பெயர் சொல்லியும் கூப்பிட மாட்டார், ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். நான் "புத்தூர்."

இனி பிராணி. என் பிள்ளைக்கு மொட்டை போடத் திருப்பதி போயிருந்தோம். கடைத்தெருவில் சாளக்கிராமம் விற்கிற கடையில் இரண்டாக உடைந்த கல் ஒன்று கிடந்தது. உள்ளே சுருள் சுருளாக ஒரு வடிவம். "பெருமாள் சக்கரம்மா, தொட்டுக் கும்புட்டுக்கோ" என்றார் கடைக்காரர். பக்கத்தில் நின்ற ஒல்லி மனிதர் என்னைப் பார்த்துத் தெலுங்கில் சொன்னார். "அதி நத்த அம்மா. சமுத்ரம் நத்த." கடைக்காரர் அவரைத் திட்டினார். எனக்கு அந்த இடத்திலேயே பித்துப் பிடித்துவிட்டது.

அவர் திருப்பதியில் ஒரு கல்லூரியில் நிலவியல் சொல்லிக்கொடுப்பவர். பாதித் தமிழ், பாதித் தெலுங்கு பேசுவார். பார்க்கத்தான் நத்தை மாதிரி, உண்மையில் கணவாய்க்குச் சொந்தம் என்று பிறகு விளக்கினார். அன்றிலிருந்து சமயம் கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்விடுவேன். சத்தியவேடு பக்கத்து ஓடைகளில் சிப்பி பதிந்த கற்கள் கிடைப்பதைக் காட்டினார். நாம் வேர்க்கடலை போடுகிற மண் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்தது என்றார். ஒரு நாள் தடித்த புத்தகம் ஒன்றைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார். கல்லில் ஒரு பிராணியின் எலும்பு. மீன் மாதிரி உடம்பு, ஆனால் மீன் இல்லை, பல்லி வகை. நீண்ட மூஞ்சி. சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கண், அதைச் சுற்றி எலும்புத் தகடுகள் வளையமாக. வயிற்றுக்குக் கீழே, பாதி வெளியே வந்த நிலையில், ஒரு குட்டி.

"பெத்துக்கினே செத்துப் போச்சா?" என்று கேட்டேன்.

"அவுனம்மா. இது நம்ம மாதிரி காத்துலதான் மூச்சு விடணும். குட்டிக்குத் தோக்க, வாலு, அதுதான் முந்தி வரும், தலை கடைசில வரும். தலை வெளிய வந்த உடனே மேல போயி மூச்சு எடுக்கணும். லேட் ஆனா முழுகிப் போகும்."

கடலிலேயே பிறந்து கடலிலேயே முழுகிச் சாகக்கூடிய குட்டி! நாவல் அங்கேயே பிறந்துவிட்டது.

சத்தியவேடு பக்கம் ஒரு கிராமத்தில் கிணறு வெட்டுகிறார்கள். சின்னம்மா என்கிற கூலிக்காரி அடிப்பாறையில் ஒரு மண்டை ஓட்டைக் கண்டுபிடிக்கிறாள். ஒரு வாரம் சின்னம்மாவின் கதை, மறு வாரம் அந்தப் பிராணியின் கதை. பிராணிக்கு நான் பெயர் வைக்கவில்லை. "அவள்" என்று மட்டும் எழுதினேன். சத்தியவேட்டில் சிப்பிதான் கிடைக்கும், இந்த மாதிரி எலும்பு கிடைத்ததில்லை என்று நிலவியல்காரர் முனகினார். நாவல் எழுதுகிறவளுக்கு ஓர் எலும்பு போட உரிமை இல்லையா என்று கேட்டேன். "போட்டுக்கோண்டி. மூக்கும் கண்ணும் மட்டும் தப்பு பண்ணாதீங்க" என்றார். வாக்குக் கொடுத்தேன்.

அது எந்தக் காலம் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆந்திரம் தனி மாநிலமாகிவிட்டது. எல்லையில் எந்த ஊர் எந்தப் பக்கம் என்ற சண்டை தீராமல் இழுத்துக்கொண்டிருந்தது. புத்தூர் நிலையத்தில் ஒரு நாள் தமிழ்க் கோஷம், மறு நாள் தெலுங்குக் கோஷம். பெயர்ப் பலகைக்குத் தார் பூசுவதும் துடைப்பதுமே சிலருக்குப் பிழைப்பாக இருந்தது. இதழுக்குக் கடிதங்கள் போயின. எல்லையில் மண் பறிபோகிறது, இந்த அம்மாள் மீன் கதை எழுதுகிறாளே என்று தமிழ்க்காரர்கள் எழுதினார்கள். இந்தப் பக்கத்துக்காரர்கள் என் வீட்டுக்காரரைப் பார்சல் ஆபீசில் மடக்கி, எங்கள் மண்ணைப் பற்றித் தமிழில் எழுத இவள் யார் என்று கேட்டார்கள். "அவளாண்டயே போய்க் கேளு. திரும்பி வந்தா எனக்கும் சொல்லு" என்றார் அவர். யாரும் வரவில்லை.

ஒரு வியாழக்கிழமை அவர் அந்த வார இதழைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். உள்ளே, அடுத்த வார அட்டையைச் சின்னதாக அச்சடித்து விளம்பரம் போட்டிருந்தார்கள். "அவள் யார்?" என்று கேள்வி வேறு. படத்தில் இருந்தது மகரம். கோயில் வாசலில், வாகனத்தில், திருவாசியில் இருக்குமே, அதே மகரம். சுருட்டின தும்பிக்கை, சிங்கத்தின் கால், மயில்தோகை மாதிரி வால், வாயில் முத்து.

"நல்லாத்தானே கீது?" என்றார் வீட்டுக்காரர். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "காலையில வண்டிக்குப் பாஸ் எடுத்து வைக்கிறேன்" என்றார்.

இதழ் அலுவலகத்தில் ஆசிரியர் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ஓவியர் மணவாளன். காஞ்சிபுரத்துக்காரர், பரம்பரையாகத் தேருக்கும் வாகனத்துக்கும் வர்ணம் தீட்டின குடும்பம்.

"என்ன புத்தூர், சொல்லாம கொள்ளாம?"

"அட்டையில இருக்கிறது என்னா?"

"உன் பிராணி."

"என் பிராணி இல்ல. தேர்ல இருந்து எறங்கி வந்தது. நான்தான் படம் வரைஞ்சு அனுப்பினேனே?"

மணவாளன் மரியாதையாகச் சொன்னார். "பார்த்தேம்மா. உடம்பு சரியில்லாத மீன் மாதிரி இருந்துச்சு. அட்டைன்னா ஒரு அழகு வேணாமா? அதான் கொஞ்சம் சரி பண்ணினேன். கடல்ல இருக்கிற பெரிய பிராணின்னா மகரந்தானே? எங்க தாத்தா போட்ட மகரம்மா அது, அளவு பிசகாது."

இவரை என்ன சொல்லித் திட்டுவது? மோசமாக வரைந்திருந்தால் திட்டலாம். அவ்வளவு நேர்த்தியாக வரைந்திருந்தார்.

"அட்டை அடிச்சு முடிச்சாச்சு" என்றார் ஆசிரியர். "மாத்த முடியாது. நீ மாத்து. தும்பிக்கை இருக்குன்னு எழுதிட்டுப் போ. ஒரு வார்த்தைதானே?"

"மாட்டேன்."

"அப்படின்னா இந்த வாரத்தோட முடிச்சுக்கலாம். எல்லைக் கடுதாசிக்கெல்லாம் பதில் எழுதி எனக்கும் கை வலிக்குது. உன் ஊர் எந்தப் பக்கம் போகப்போகுதோ, யாருக்குத் தெரியும்?" கம்போசிங் பக்கம் கையைக் காட்டினார். "முற்றும்னு கோத்து வச்சாச்சு. அதுக்கு மேல எது வரணும்னு நீ முடிவு பண்ணு. சாயங்காலம் பாரம் முடுக்கணும்."

பாரம் முடுக்குவது என்றால் கோத்த ஈய எழுத்துகளை இரும்புச் சட்டத்தில் இறுக்கிப் பூட்டுவது. பூட்டிவிட்டால் கதை முடிந்தது.

ஒரு வார்த்தைதானே என்றார் அல்லவா? அந்த வார்த்தையில்தான் என் உயிர் இருந்தது. தும்பிக்கை இருந்தால் அது நீரிலிருந்து தும்பிக்கையை நீட்டி மூச்சு எடுத்துக்கொள்ளும். அப்புறம் குட்டி எதற்கு மேலே ஓட வேண்டும்? தாய் எதற்குச் சாக வேண்டும்? மூச்சுக்காக எழுதின கதை அது. மூக்கை மாற்றினால் கதைக்கு மூச்சு நின்றுவிடும்.

கம்போசிங் அறையில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். நான் அனுப்பியிருந்த அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டேன். அதன் கடைசிப் பக்கத்தை மட்டும் கிழிக்காமல் எடுத்து, வழக்கம்போல ஒருமுறை கையால் திருப்பி எழுதினேன். கை ஓடத் தொடங்கியது.

சின்னம்மாவின் ஊரில் கிணற்றுக்குள் இறங்க எல்லோருக்கும் பயம். மேலே இருந்தபடியே தேர்ச் சிற்பி ஒருவன் கரித்துண்டால் சுவரில் படம் வரைகிறான். தும்பிக்கை, சிங்கக் கால், மயில் வால், வாயில் முத்து. ஊரே கன்னத்தில் போட்டுக்கொள்கிறது. கற்பூரம் ஏற்றுகிறார்கள். பாதி ஊர் அது எங்கள் சாமி என்று தமிழில் சொல்கிறது, மீதி ஊர் மாதி மாதி, எங்களுடையது என்று தெலுங்கில் சொல்கிறது. கைகலப்பு. சின்னம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிணற்றுக்குள் இறங்குகிறாள். இருட்டில் கையால் தடவுகிறாள். நீண்ட மூஞ்சி, பல், தட்டு மாதிரி கண். கை கீழே போகிறது, விலா எலும்பு, இடுப்பு. அங்கே சின்னதாக இன்னொரு முதுகெலும்பு. மூன்று பெற்றவள் அவள், கைக்குத் தெரிந்துவிடுகிறது. மேலே ஏறி வருகிறாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சுவரில் இருந்த படத்தைப் பார்க்கிறாள்.

ஒவ்வொரு தாளாக எழுதிக் கொடுக்கக் கொடுக்கக் கம்போசிட்டர் கோத்தார். நடுவில் அவர் கை நின்றது. "ஏம்மா, உள்ள இன்னா இருந்துச்சு?" என்று கேட்டார். "கோத்துக்கினே போய்யா, தெரியும்" என்றேன்.

கடைசித் தாளை ஆசிரியர் வந்து வாங்கினார். நின்றபடி கடைசி வரியைப் படித்தார். சின்னம்மா ஊரைப் பார்த்துச் சொல்கிற வரி.

"இதுக்குத் தும்பிக்கையும் இல்ல, காலும் இல்ல. அடிச்சுக்காதீங்க. இது சாமி இல்ல, புள்ளத்தாச்சி."

அவர் முதல் தாளைக் கேட்டார். காதில் இருந்த சிவப்புப் பென்சிலை எடுத்து முதல் பத்தியை அடித்தார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. முப்பது வருஷம் எழுதினதில் அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைக்கவில்லை. மேடையில் போர்த்தின சால்வையெல்லாம் அந்தச் சிவப்புக் கோட்டுக்கு ஈடாகாது.

பிறகு கோத்து வைத்திருந்த ஈய எழுத்துகளிலிருந்து "முற்றும்" என்ற சொல்லை விரலால் பெயர்த்து, நூலால் கட்டி, என் உள்ளங்கையில் வைத்தார். அந்த இடத்தில் "தொடரும்" கோக்கச் சொன்னார்.

"இந்தா புத்தூர். உனக்கு எப்ப வேணுமோ அப்பக் கொண்டா."

நான் நன்றி சொல்லவில்லை. என் உழைப்புக்கு நான் எதற்கு நன்றி சொல்ல வேண்டும்?

மணவாளன் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டார். திருப்பதிக்குக் கூட்டிப்போய் நிலவியல்காரரின் புத்தகத்தைக் காட்டினேன். கண்ணைச் சுற்றியிருந்த எலும்பு வளையத்தை வெகுநேரம் பார்த்தார். விரலால் காற்றில் வரைந்து பார்த்தார். "தாமரை இதழ் அடுக்கின மாதிரி இருக்கு. இவ்வளவு அழகுன்னு ஏம்மா முன்னாடியே சொல்லல?" என்று என்னையே கோபித்துக்கொண்டார். அதன் பிறகு அவர் போட்ட படங்களில் ஒரு எலும்பு பிசகவில்லை. மகரம் போட்ட அட்டையைச் சட்டம் போட்டுத் தன் வீட்டில் மாட்டிக்கொண்டார். அதுவும் நியாயம்தான்.

கதை ஓடியது. சண்டை போட்ட கடிதங்கள் குறைந்தன, வேறு கடிதங்கள் வந்தன. என் வீட்டுக்காரர் சலித்துக்கொள்ளும் அளவுக்கு வந்தன. நான் "அவளுக்கு" இரண்டு குட்டி வைத்திருந்தேன். ஒன்று அவளோடு கல்லில் சிக்கிக்கொண்டது. அதற்கு முன்னால் பிறந்த ஒன்று மேலே நீந்தப் பார்க்கிறது. தண்ணீருக்கு மேல் வெளிச்சம் தெரிகிறது, இன்னும் தூரம் இருக்கிறது. அந்த இடத்தில் ஒரு வாரம் நிறுத்தினேன்.

அந்த வாரத்தில்தான் எல்லை முடிவாகிவிட்டதாகச் செய்தி வந்தது. திருத்தணி அந்தப் பக்கம், நகரி, புத்தூர், சத்தியவேடு இந்தப் பக்கம். எனக்கு வீடு ஒரு மாநிலம், அச்சகம் ஒரு மாநிலம் என்பது நிலைத்துவிட்டது. திங்கட்கிழமை வீட்டுக்காரருக்குப் பல்வலி, உறையை எடுத்துக்கொண்டு நானே நிலையத்துக்குப் போனேன். மேடையில் இரண்டு கூட்டம். ஒன்று வயிறெரிந்து கத்தியது, இன்னொன்று வெற்றி என்று கத்தியது. நடுவில் போலீஸ்காரர்கள். நான் குறுக்கே நடந்தேன். கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்த ஓர் ஆள் என் கையில் இருந்த உறையைப் பார்த்தான். கோஷத்தைப் பாதியில் விட்டான்.

"யக்கா, நீதானே அந்தக் கதை எழுதறது? குட்டி பொழச்சுதா?"

"இன்னாடா?"

"அந்தக் கடல் குட்டிக்கா! எங்கூட்ல சோறு துன்னாம கேட்டுக்கினு கீறாங்க."

எதிர்க் கூட்டத்திலிருந்து ஒருவன் போலீஸ்காரரின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, குட்டி பிழைத்ததா இல்லையா, முதலில் அதைச் சொல்லுங்கள் என்று தெலுங்கில் கேட்டான். "அவுனம்மா, பில்ல பதிகிந்தா லேதா, அதி செப்பண்டி முந்து!"

போலீஸ்காரரும் என்னைத்தான் பார்த்தார்.

"வியாழக்கிழம படிச்சுத் தெரிஞ்சுக்கோங்கடா" என்றேன்.

வண்டி வந்தது. உறையை ரயிலின் தபால் பெட்டியில் இருந்தவர் கையில் கொடுத்தேன், அவர் கதவை அடைத்துக்கொண்டார். இரண்டு கூட்டமும் கத்த மறந்து அந்தப் பெட்டி போவதையே பார்த்துக்கொண்டு நின்றன. உள்ளே, அந்த உறையில், குட்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வந்து முதல் மூச்சை எடுத்திருந்தது. அவ்வளவு பேரில் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.